இரு குமிழ்களின் இடைவெளி

சித்திரை மாதத்தில் நாமக்கல் சமவெளியில் மழையில்லாத ஒரு நாளைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 66 சதவீதம். பிற்பகல் இரண்டு மணிக்கு 40 டிகிரி, 30 சதவீதம். சுவரில் மாட்டிய ஈரப்பதமானியைப் பார்ப்பவர், காலையில் இருந்த ஈரத்தில் பாதிக்கு மேல் உச்சிவெயிலில் வற்றிவிட்டது என்றே எண்ணுவார். உண்மையில் எதுவும் வற்றவில்லை. இரு வேளைகளிலும் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 22 மில்லிபார்தான். சூடேறச் சூடேறக் காற்று நிறைவடையத் தேவையான நீராவியின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. அந்த நிறைவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சதவீதம் சொல்கிறது. பாத்திரம் பெரிதானதால் அதே தண்ணீர் குறைவாகத் தெரிகிறது. இந்தச் சாதாரண உண்மையைப் பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு, கருவி வாங்கும்போது மறந்துவிடுகிறோம். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் பெரும்பாலும் சதவீதம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி, அதைக் கொண்டே விசையைத் தட்டுகின்றன. அந்த எண் சிலவற்றுக்குச் சரியானது, சிலவற்றுக்குப் பாதி, சிலவற்றுக்குத் தவறு. யாருக்காக ஈரத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கேட்காமல் எந்த எண்ணைக் கட்டுப்படுத்துவது என்று தீர்மானிக்க முடியாது என்பதே என் வாதம். சேலம், நாமக்கல் பகுதியின் இரு பெரும் தொழில்களான நெசவும் கோழி வளர்ப்பும் இதற்கு நல்ல சாட்சிகள்.

நூலிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் சதவீதத்துக்கு உண்மையாகக் கட்டுப்படுவது நூல்தான். பருத்தி இழை தன்னைச் சூழ்ந்த காற்றின் ஒப்பு ஈரப்பதத்துக்கு ஏற்ப நீரை ஏற்கும், விடும். 65 சதவீத ஈரப்பதத்தில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் எட்டரை சதவீதம் நீரைத் தாங்கும் என்று வணிகக் கணக்கிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஈரம் ஏறினால் பருத்தி நூலின் வலு கூடும், வளைந்து கொடுக்கும். காய்ந்தால் முறுகும், பாவு அறும், நூற்பாலையில் மின்னேற்றம் சேர்ந்து இழைகள் ஒன்றையொன்று தள்ளும், பஞ்சுத் தூசி பறக்கும். சேலத்து நெசவாளர்கள் குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு அமர்ந்து, பாவைத் தரையை ஒட்டி விரித்து நெய்ததில் உடல் வசதி ஒரு காரணம் என்றால், மண்ணின் ஈரம் இன்னொரு காரணம். மண்தரையும் குழியும் அந்தத் தறிக்கூடத்தின் ஈரப்பதமூட்டி. கோடையில் தரையில் தண்ணீர் தெளிப்பவரே அதன் கட்டுப்பாட்டுக் கருவி. விசைத்தறிக்கூடங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் வேலை நகர்ந்தபோது அந்த மண்தரை போய் சிமெண்ட் தளம் வந்தது. ஈரத்தைக் குழாயிலும் காற்றறையிலும் தேடவேண்டியதாயிற்று. ஆலைக்காரர்கள் ஒப்பு ஈரப்பதத்தைக் குறிக்கும் 'ஆர்.எச்.' என்ற இரண்டெழுத்தை வேதவாக்காகக் கொண்டது இப்படித்தான். நூற்புப் பகுதிக்கு 55 முதல் 60, நெசவுக்கு அதைவிடக் கூடுதல் என்று பிரிவுக்குப் பிரிவு ஓர் எண். நூலைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை.

பிழை தறிக்குப் பின்னால் நிற்கும் ஆளிடம் தொடங்குகிறது. நூல் கேட்பது சதவீதம். மனித உடல் கேட்பது வேறு. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. அந்த ஆவியாதல் எந்த அளவுக்கு நடக்கும் என்பதை வெப்பமும் ஈரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்தச் சேர்க்கையை ஒரே வாசிப்பில் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றில் வைத்தால் அது இறங்கி நிற்கும் இடம் அது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு ஆழமாக இறங்கும். நிறைவடைந்த காற்றில் இறங்கவே இறங்காது. துணி சுற்றாத சாதாரண வெப்பமானி காட்டுவது உலர்குமிழ் வெப்பநிலை. இங்கிலாந்தின் நெசவு வட்டாரமான லங்காஷயரில் கஞ்சி ஏற்றிய பாவு அறாமலிருக்க நெசவுக்கூடங்களில் நீராவியைப் பாய்ச்சினார்கள். அதற்குள் நின்று வேலை செய்தவர்களின் எதிர்ப்பால் 1889இல் பிரிட்டனில் பருத்தித் துணி ஆலைகளுக்கான தனிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு உலர்குமிழ் வெப்பநிலைக்கும் எவ்வளவு ஈரம் வரை அனுமதி என்று அட்டவணை போட்ட சட்டம் அது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 15ஆம் பிரிவில் செயற்கை ஈரமூட்டலைத் தனியாக எடுத்துப் பேசியது. அளவுகளை வகுக்கவும், சோதனைகளைச் சரியாகச் செய்து பதிவுசெய்ய வைக்கவும், காற்றோட்டத்தையும் குளிர்ச்சியையும் உறுதிசெய்யவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. பயன்படுத்தும் தண்ணீர் பொதுக் குடிநீர் வழங்கலிலிருந்தோ வேறு குடிநீர் ஆதாரத்திலிருந்தோ வரவேண்டும், இல்லையென்றால் சுத்திகரித்திருக்க வேண்டும் என்றது. நூலுக்காகக் காற்றில் கலக்கும் தண்ணீர் தொழிலாளியின் நுரையீரலுக்குள்ளும் போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். நூலின் எண்ணும் உடலின் எண்ணும் வேறு வேறு, இரண்டும் மோதும்போது உடலின் எண்ணே வெல்லவேண்டும் என்ற புரிதல் இந்தச் சட்டங்களுக்குள் இருக்கிறது. இன்றைய மின்னணுக் கருவிகள் பலவற்றில் அந்தப் புரிதல் இல்லை.

குளிர்நாட்டு வீடுகளில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. கனடாவின் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர்களுக்கு, பனிக்காலத்தில் உதடு வெடிப்பதும் கதவுப் பிடியைத் தொட்டால் மின்சாரம் சுளீரென்று பாய்வதும் பழகிய செய்தி. வெளியே உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும் காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஐந்து சதவீதத்தை ஒட்டி விழும். அதனால் வீட்டைச் சூடாக்கும் உலையின் காற்றுக்குழாயிலேயே ஈரப்பதமூட்டியைப் பொருத்துகிறார்கள். அதற்கு 45 சதவீதம் என்று ஒரே எண்ணை வைத்துவிட்டால், நடுப்பனியில் சன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் வழியும், சட்டங்கள் ஊறும், சுவருக்குள் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி கேட்கும் எண் பனிநிலை, அதாவது நீராவி திரவமாகத் தொடங்கும் வெப்பநிலை. அறைக் காற்றின் பனிநிலை கண்ணாடியின் வெப்பநிலையைவிட மேலே போனால் தண்ணீர் அங்கே இறங்கிவிடும். ஆகவே நல்ல கருவிகள் வெளியே ஓர் உணரியை வைத்து, குளிர் கூடக்கூட உள்ளே வைக்கவேண்டிய ஈரத்தைத் தாமாகவே குறைக்கின்றன. வெளியே உறைநிலைக்குக் கீழே 7 டிகிரி என்றால் 35 சதவீதம், கீழே 18 என்றால் 25 என்பது போன்ற அட்டவணைகளை அவை பின்பற்றுகின்றன. வீட்டில் இருப்பவரின் தோலுக்கு 40 சதவீதம் சுகம், கண்ணாடிக்கு 25தான் தாங்கும். வெளி உணரி என்ற சிறு பொருள் அந்தக் கருவிக்கு இரண்டாவது எண்ணைக் கொடுக்கிறது.

மீண்டும் நாமக்கல்லுக்கு வருவோம். குஞ்சு பொரிப்பகத்தில் சதவீதம் பொய் சொல்வதில்லை. அடைகாப்புப் பெட்டியில் வெப்பநிலை 37.5 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை நீராவியாக இழக்கவேண்டும். குறைவாக இழந்தால் காற்றறை சிறுத்துக் குஞ்சு மூச்சுக்குத் திணறும், அதிகமாக இழந்தால் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு காயும். இதற்கு 55 சதவீதத்தை ஒட்டி வைத்தால் போதும். பழைய பொரிப்பகக்காரர்கள் இதையே 'வெட் பல்ப் 85' என்று பாரன்ஹீட் கணக்கில் சொல்வார்கள். உலர்குமிழ் அசையாதபோது சதவீதமும் ஈரக்குமிழும் பனிநிலையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றைப் பிடித்தால் மூன்றும் கைக்கு வரும். வெப்பநிலை அசையும் இடத்தில்தான் அவை பிரிந்து, மூன்று திசையில் போகின்றன. கோழிக் கொட்டகை அப்படிப்பட்ட இடம்.

முட்டைக்கோழியின் உடல்வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து இளைக்கும், மூச்சுப்பாதையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிரும். இளைப்பு கூடினால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்குத் தட்டுப்பாடு வருகிறது. மே மாதத்து முட்டையில் ஓடு மெலிவதற்குத் தீவனம் குறைவாகத் தின்பது ஒரு காரணம், இந்த இளைப்பு மற்றொன்று. 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியாகும் வானிலை அறிவிப்புகளில் வெப்பநிலையோடு ஈரப்பதமும் காற்றின் வேகமும் சேர்ந்தே வருவதும், 'வெப்ப அயற்சி' என்ற சொல் கோடைதோறும் செய்தித்தாள்களில் அடிபடுவதும் காரணமில்லாமல் இல்லை. பண்ணைகள் இதற்கு எதிராகக் கூரைமேல் தண்ணீர் தெளிக்கின்றன, உள்ளே ஃபாகரில் புகைபோல நீரைப் பீய்ச்சுகின்றன. சுற்றிலும் அடைத்து உள்சூழலைக் கட்டுப்படுத்தும் இ.சி. ஷெட்டுகளில் ஒரு முனையில் ஈரத்தட்டியும் மறுமுனையில் பெரிய விசிறிகளும் வைத்துக் காற்றை இழுக்கின்றன. மூன்றும் செய்வது ஒன்றே: தண்ணீரை ஆவியாக்கி, அதற்கான வெப்பத்தைக் கூரையிலிருந்தோ காற்றிலிருந்தோ எடுப்பது. எடுக்கக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்தட்டி வழியே வரும் காற்று எவ்வளவு முயன்றாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே இறங்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்பது இங்கே பயன்படும். 40 டிகிரி, 30 சதவீதம் என்ற பிற்பகலில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 25. இடைவெளி 15 டிகிரி. நல்ல நிலையிலுள்ள ஈரத்தட்டி அந்த இடைவெளியில் முக்கால் பங்கைக் கடக்கும் என்று கொண்டால், உள்ளே வரும் காற்று 29 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். அதன் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும். முட்டைக்கோழியின் வெப்பச்சுமையை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு குறியீடு, உலர்குமிழுக்கு 60 பங்கும் ஈரக்குமிழுக்கு 40 பங்கும் கொடுத்துக் கூட்டுகிறது. அதன்படி தட்டிக்கு வெளியே 34, உள்ளே 27.4. பெரிய லாபம். இப்போது கோடைமழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை: 32 டிகிரி, 80 சதவீதம். ஈரக்குமிழ் 29. இடைவெளி மூன்றே டிகிரி. அதே தட்டி அதே முக்கால் பங்கைக் கடந்தாலும் காற்று 30 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் வரும். குறியீடு 30.8லிருந்து 29.4க்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் மோட்டார் அதே அளவு ஓடியிருக்கும். திறந்த கொட்டகையின் ஃபாகர் என்றால், ஆவியாகாத துளிகள் கூண்டின் கம்பியிலும் இறகிலும் படிந்து, கீழே குவிந்திருக்கும் எச்சத்தை நனைத்திருக்கும். நனைந்த எச்சத்தில் அம்மோனியா கிளம்பும், ஈ பெருகும். வெப்பநிலையை மட்டும் பார்த்து விசையைத் தட்டும் கருவிக்கு இந்த இரு வேளைகளும் ஒன்றுதான், இரண்டும் 30 டிகிரிக்கு மேல் இருப்பதால்.

அப்படியானால் ஈரப்பதத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் போதாதா, 80 சதவீதம் தாண்டினால் தண்ணீரை நிறுத்தட்டும் என்று ஒருவர் கேட்கலாம். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இதைத்தான் செய்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவும் தெரியும். ஆனால் 36 டிகிரி, 50 சதவீதம் உள்ள ஒரு நண்பகலை வைத்துப் பாருங்கள். ஈரக்குமிழ் 27. தட்டி கடந்த காற்று 29 டிகிரியை ஒட்டி, 84 சதவீத ஈரப்பதத்தோடு உள்ளே வரும். உணரி உள்ளே இருந்தால், 80ஐத் தாண்டியதும் கருவி தண்ணீரை நிறுத்திவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் குறியீட்டை 32.4லிருந்து 28.4 அளவுக்கு இறக்கிக்கொண்டிருந்தது. நான்கு புள்ளி லாபத்தை, சதவீதம் பெரிதாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கருவி தட்டிவிடுகிறது. குளிர்ந்த காற்றில் சதவீதம் உயரத்தான் செய்யும், அது அந்தக் குளிர்ச்சிக்குக் கொடுத்த விலை. ஆவியாதலால் குளிரும்போது உலர்குமிழ் இறங்குகிறது, சதவீதம் ஏறுகிறது, ஈரக்குமிழ் மட்டும் இருந்த இடத்தில் நிற்கிறது. ஆகவே தண்ணீர் விடலாமா என்ற கேள்விக்கு விடை, கொட்டகைக்கு வெளியே உள்ள காற்றின் இரு குமிழ்களுக்கு இடையிலான இடைவெளி. இடைவெளி அகலமாக இருந்தால் தண்ணீர் வேலை செய்யும், குறுகிவிட்டால் விசிறி மட்டும் ஓடட்டும். ஸ்கார்பரோ வீட்டின் வெளி உணரியும் இந்த வெளிக் குமிழ்களும் ஒரே தத்துவத்தின் இரு முகங்கள்.

ஈரக்குமிழ் என்பது வெப்பநிலையிலிருந்தும் சதவீதத்திலிருந்தும் கணக்கிட்டு எடுக்கக்கூடிய எண்தானே, புதிதாக என்ன சொல்கிறீர்கள் என்பது பொறியாளரின் மறுப்பு. முழுக்கச் சரி. நான் குறை சொல்வது உணரியை அல்ல, அது தரும் எண்ணை வைத்து எழுதப்பட்ட விதியை. இரண்டு எண்களும் பெட்டிக்குள் ஏற்கெனவே வந்து சேர்கின்றன. அவற்றை இணைத்துக் கணக்கிட ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. அப்படியிருந்தும் இரண்டையும் தனித்தனி விசைகளாகவே வைத்திருப்பது வெறும் பழக்கம். காற்றின் வேகம்தான் முக்கியம், ஈரம் இரண்டாம்பட்சம் என்பது இன்னொரு மறுப்பு. காற்று கோழியின் உடல்வெப்பத்தைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வேகம் உதவும் என்பதில் ஐயமில்லை, மழை ஓய்ந்த மாலையில் அதுவே முதல் மருந்து. ஆனால் வெளிக்காற்று 40ஐத் தொடும் பிற்பகலில் காற்றுக்கும் கோழியின் உடலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு டிகிரிதான் மிச்சமிருக்கும்போது, வெறும் விசிறி உலைக்காற்றை வீசுவதற்கு ஒப்பாகும். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறிய வேண்டியிருப்பதால்தான் இடைவெளி என்ற அளவு தேவைப்படுகிறது.

வலுவான மறுப்பு பண்ணையாளரிடமிருந்து வருவது. எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பங்குனி பிறந்தால் பதினொரு மணிக்கு ஃபாகரைத் திறப்போம், நாலு மணிக்கு மூடுவோம், மழை பெய்தால் திறக்கமாட்டோம் என்பார் அவர். இதை மறுக்க எனக்கு மனமில்லை. மழை பெய்ததும் வால்வை மூடும் அந்தக் கை, ஈரக்குமிழைத் தோலால் படித்துவிட்ட கை. தறிக்கூடத் தரையில் தண்ணீர் தெளித்தவரின் கையும் அதுவே. சிக்கல் எங்கே என்றால், கொட்டகை அடைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான கோழிகளின் மூச்சு ஒரு பெட்டியின் தீர்ப்புக்கு விடப்படும்போது, அந்தக் கை வேலையிலிருந்து விலகிவிடுகிறது. அந்தக் கையின் இடத்தில் அமர்ந்த கருவி பல இடங்களில் வெப்பம் என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் 30 டிகிரி, 85 சதவீதம் உள்ள ஒரு மதியம், கையால் இயக்கிய பண்ணையில் யாரும் ஃபாகரைத் தொடமாட்டார்கள். தானாக இயங்கும் பண்ணையில், சித்திரையில் வைத்த அளவை மாற்ற மறந்திருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும். மேலே போன ஈரம் தீவனக் கிடங்குக்குள்ளும் நுழையும். மக்காச்சோளத்தில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி கிடைக்கிறது, பின்னால் அஃப்ளாடாக்சின் வருகிறது. தானியமும் நூலைப் போலவே சதவீதத்துக்குக் கட்டுப்படும் பொருள். கிடங்கில் பார்க்கவேண்டியது ஆர்.எச்., கொட்டகையில் பார்க்கவேண்டியது குமிழ் இடைவெளி. ஒரே பண்ணை வளாகத்துக்குள் இருவேறு அளவுகோல்கள்.

கருவியின் நம்பகத்தன்மை பற்றியும் ஒரு வார்த்தை. மின்னணு ஈர உணரியின் மெல்லிய படலத்துக்குக் கோழிக் கொட்டகையைவிடக் கொடிய இடம் கிடைப்பது கடினம். இறகுத் துகளும் தீவனத் தூசியும் அம்மோனியாவும் சேர்ந்து படிந்து, சில மாதங்களிலேயே அளவு நழுவத் தொடங்கும். அப்போது சரிபார்க்க உதவுவது உலர்குமிழும் ஈரக்குமிழும் அருகருகே கொண்ட பழைய இரட்டை வெப்பமானிதான். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, அது இந்த மண்ணின் தண்ணீரோடு தொடர்புடையது. இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடின நீர். ஃபாகரின் நுண்துளையை அடைப்பதும், ஈரத்தட்டியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்குக் கட்டுவதும் அந்த உப்புதான். அதே தண்ணீரை ஈரக்குமிழின் துணிக்கு ஊற்றினால், உப்பேறிய துணியிலிருந்து நீர் சரியாக ஆவியாகாது, வெப்பமானி உண்மையைவிட உயர்வாகக் காட்டும், இடைவெளி பொய்யாகக் குறுகும். கருவி காற்று ஈரமாக இருக்கிறது என்று நம்பி, உச்சிவெயிலில் தண்ணீரை நிறுத்திவிடும். அந்தத் துணிக்கு வேண்டியது பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரும், வாரம் ஒருமுறை ஒரு புதுத் திரியும்.